அடைப்பு எங்கே?

என் தங்கை மகன் கல்லூரிப் படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். வரும்போது துணிமணிகளோடு ஒரு கம்ப்யூட்டரையும் கொண்டு வந்தான். அவன் அப்பா இருந்த காலத்தில் வாங்கிக் கொடுத்தது. வயது பத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாள் மாலை அதற்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?" என்றேன்.

"புது விளையாட்டு ஒண்ணு போட்டேன், மாமா. படம் நகரவே மாட்டேங்குது. குதிரை ஓடறதுன்னா நாலு தப்படிக்கு ஒரு தடவை நின்னு நின்னு ஓடறது. கடைக்காரர்கிட்டே கேட்டேன். கிராபிக்ஸ் கார்டு மாத்தணும், 25,000 ஆகும்னார்."

"பெட்டியைத் திறந்து பார்த்தாரா?"

"இல்லை மாமா. மாடல் பேரைக் கேட்டார். சொன்னேன். உடனே சொல்லிட்டார்."

வைத்தியர் நாடி பார்க்காமலே மருந்து எழுதிக் கொடுத்தாற்போல இருந்தது எனக்கு. அதோடு போயிருந்தால் நான் என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் என் தங்கை சீட்டைத் தள்ளி எடுத்துப் பணம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டாளாம். தள்ளி எடுத்தால் அதில் எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும். "ஒரு வாரம் பொறு. அடைப்பு எங்கே என்று முதலில் பார்ப்போம்" என்றேன்.

நான் இரண்டு வருஷம் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். அந்த வகுப்பிலும் மேஜைக்கு அடியில் நாவல்தான் படித்தேன். ஆகையால் யந்திர விஷயத்தில் என் வார்த்தையை யாரும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் அடைப்பு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் உடனே ஆற்றைத் திட்டுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார்கள். ஓரிடம் வரையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அதற்கு மேலே தண்ணீர் தளும்பி நிற்கும். நடுவிலேதான் அடைப்பு. எந்த இடம் தளும்புகிறது, எந்த இடம் காய்கிறது என்று பார்ப்பதுதான் அதில் உள்ள வித்தையெல்லாம்.

இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் சரித்திரமும் அதே கதை என்பது அந்த ஒரு வாரப் படிப்பில் எனக்குத் தெரிய வந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1962-ஆம் வருஷம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற கல்வி நிலையம். அங்கே பி.டி.பி.-1 என்ற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதன் விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். ஆனால் அதன் ஞாபகத்தில் அடங்கியதோ 4,096 சொற்கள்தான். ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் அதில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை உண்டாக்கினார்கள். இரண்டு ஆகாயக் கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ள வேண்டும். நடுவிலே ஒரு நட்சத்திரம். அது கப்பல்களைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் யந்திரத்துக்கு மூச்சு வாங்கிவிட்டது. இரண்டு கப்பல்களுக்குக் கணக்குப் போடவே நேரம் சரியாக இருந்தது. சீறிச் செல்லும் குண்டுகளுக்கும் போட முடியவில்லை. அதனால் அந்த ஆகாயத்தில் நட்சத்திரம் கப்பலை இழுக்கும், குண்டை இழுக்காது! நியூட்டனின் விதிக்கே யந்திரத்தின் ஏழ்மை ஒரு விலக்குக் கொடுத்துவிட்டது.

1978-இல் ஜப்பானில் நிஷிகாடோ டோமோஹிரோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை அமைத்தார். 55 அந்நிய ஜந்துக்கள் வரிசையாக இறங்கி வரும். சுட்டு வீழ்த்த வேண்டும். அத்தனை பேரையும் திரையில் நகர்த்துவதற்கு அவர் கையில் இருந்த சில்லுக்கு நேரம் பிடித்தது. சுடச் சுட எண்ணிக்கை குறையும், வேலை குறையும், மிஞ்சியவை வேகமாக ஓடும். கடைசியில் எஞ்சிய ஒன்று தலைதெறிக்கப் பாயும். நிஷிகாடோ இதைத் திருத்தவில்லை. விளையாட்டு போகப் போகக் கடினமாவது நல்லதுதானே என்று விட்டுவிட்டார். உலகமெங்கும் பிள்ளைகள் சில்லறையைக் கொட்டி அதை ஆடினார்கள். யந்திரத்தின் குறையே ஆட்டத்தின் ருசியாகிவிட்டது.

இந்த இரண்டு கதைகளிலும் அடைப்பு எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. கணக்குப் போடும் மூளை ஒன்றுதான், அது போதவில்லை. தேட வேண்டிய காலம் 1993-இல் வந்தது.

அந்த வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி டெக்ஸாஸ் மாகாணத்தில் மெஸ்கீட் என்ற ஊரில் இருந்த 'இட் ஸாஃப்ட்வேர்' என்ற சிறு கம்பெனி 'டூம்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதற்கு யந்திரம் எழுதியவர் ஜான் கார்மாக். ஆபீஸ்களில் கணக்கு எழுதுவதற்கு வாங்கிய கம்ப்யூட்டர்களில் பேய்களும் அரக்கர்களும் உலாவத் தொடங்கினார்கள். 386 என்ற பழைய ரகமும் 4 மெகாபைட் ராமும் இருந்தால் போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஆனால் போதுவது வேறு, ஓடுவது வேறு அல்லவா?

கார்மாக் இதை அறியாதவரல்ல. ஒரு விசையைத் தட்டினால் படம் திரையின் நடுவில் சின்ன ஜன்னலாகச் சுருங்கும்படி வைத்திருந்தார். இன்னொரு விசையைத் தட்டினால் புள்ளிகள் இரட்டையாகத் தடித்து, வேலை பாதியாகும். ஏழைப் பையன்கள் தபால்தலை அளவு ஜன்னலுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு அரக்கர்களோடு சண்டை போட்டார்கள். இந்த இரண்டு விசைகளும் பரிகாரமாக வந்தவை. பிறகு அவையே பரிசோதனையாக மாறின. ஜன்னலைச் சுருக்கினால் ஓட்டம் கூடுகிறதா? அப்படியானால் படம் வரையும் பாதையில்தான் அடைப்பு. சுருக்கியும் கூடவில்லையா? அடைப்பு வேறெங்கோ. இன்றைக்கும் நிபுணர்கள் செய்யும் முதல் சோதனை இதுதான்.

படம் வரையும் பாதையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டூமின் திரையில் குறுக்கே 320, நெடுக்கே 200, ஆக 64,000 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட். வினாடிக்கு அதிகபட்சம் 35 படங்கள். பெருக்கினால் வினாடிக்கு 22 லட்சத்து 40 ஆயிரம் பைட்டுகள் மூளையிலிருந்து படக் கார்டுக்குப் போக வேண்டும். போகிற பாதையோ 1984-இல் போட்டது. அதில் காகிதத்தின்படி வினாடிக்கு 8 மெகாபைட் போகலாம். நடைமுறையில் பல கார்டுகளுக்கு அதில் பாதிகூடக் கிட்டாது. ஒருவர் 486 என்ற புது மூளையை வாங்கிப் போடுவார். பழைய பாதையிலேயே படக் கார்டு செருகியிருக்கும். மூளை தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். சரக்கு சந்து முனையில் தேங்கும். 1992-இல் மூளைக்கு அருகிலேயே நேர்வழி போட்ட புதிய பாதைகள் வந்தன. அவற்றில் கார்டைச் செருகியவர்கள் அதே மூளையை வைத்துக்கொண்டு அழகாக ஆடினார்கள். மூளைக்குப் பணம் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் சந்துக்குக் கொடுத்திருக்க வேண்டியவர்கள்.

அடுத்த கதை இன்னும் சுவாரசியமானது. 1996 ஜூன் 22-இல் அதே கம்பெனி 'க்வேக்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இதற்கு மைக்கேல் அப்ராஷ் என்ற மேதாவியும் துணை நின்றார். டூம் முழு எண்களை வைத்தே காரியத்தை முடித்துக்கொண்டது. க்வேக் தசம எண்களில் கணக்குப் போட்டது. தூரத்துச் சுவர் கோணலாகத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் வகுத்தல் கணக்குப் போட வேண்டும். வகுத்தல் யந்திரத்துக்கும் கஷ்டமான கணக்குத்தான். இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு மூலையில் வகுத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே மற்ற மூலையில் வேறு வேலை செய்யும். ஆகவே 16 புள்ளிகளுக்கு ஒரு தடவை வகுத்தல். அது முடிவதற்குள் அந்தப் பதினாறு புள்ளிகளையும் வரைந்துவிடுவது என்று வைத்தார்கள். அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில் காய் நறுக்கிவிடுகிற சமையற்காரி மாதிரி.

அதே டெக்ஸாஸில், அதே டல்லஸ் நகரத்தை ஒட்டி, ஸைரிக்ஸ் என்ற சில்லுக் கம்பெனி இருந்தது. அவர்களுடைய 6x86 என்ற சில்லு முழு எண் கணக்கில் சூரன். 133 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் 166 பென்டியத்துக்குச் சமானம் என்று 'பி166+' என்று பெயர் சூட்டி விற்றார்கள். கடிதம் எழுதுவதிலும் கணக்கு எழுதுவதிலும் அந்தப் பெயர் பொய்யில்லை. ஆனால் தசமக் கணக்கில் அது சோடை. நம்பி வாங்கி வந்த பையன்கள் க்வேக்கைப் போட்டார்கள், ஆட்டம் நொண்டியது. அவர்கள் வாங்கியது நல்ல குதிரைதான். பூட்டிய வண்டிதான் வேறு. 1997-இல் ஸைரிக்ஸை வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. 'வேகமான யந்திரம்' என்று பொதுவாக ஒன்றும் கிடையாது, இன்ன வேலைக்கு வேகமானது என்றுதான் உண்டு என்று அந்தப் பையன்கள் கைப்பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

1996-இலேயே 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி 'வூடூ' என்ற கார்டைக் கொண்டு வந்தது. படம் வரையும் உழைப்பை மூளையிடமிருந்து தானே வாங்கிக்கொள்ளும் கார்டு அது. 1997 ஜனவரியில் க்வேக்கும் அதற்கேற்ப மாற்றி வெளிவந்தது. எல்லோரும் அடைப்பு தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். அடைப்பு தீரவில்லை, இடம் மாறியது. பழைய பென்டியத்தில் வூடூவைச் செருகியவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். ஓட்டம் அப்படியே இருந்தது. இப்போது கார்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றது, மூளை விழி பிதுங்கிற்று. ஒரு மதகைத் திறந்தால் அடுத்த மதகில் தண்ணீர் முட்டும். இந்த நியதிக்கு இன்று வரை விலக்கு ஏற்பட்டதில்லை.

2007 நவம்பரில் ஜெர்மனியில் இருக்கும் க்ரைடெக் கம்பெனி 'க்ரைஸிஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அக்காலத்தில் எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் 'இதில் க்ரைஸிஸ் ஓடுமா?' என்று கேட்பது ஒரு வேடிக்கைப் பழமொழியாகிவிட்டது. அதன் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. சில்லுகளின் துடிப்பு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2004-இல் பென்டியம் 4 என்ற சில்லு 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் சில்லை வெளியிடப் போவதாகச் சொல்லியிருந்த இன்டெல், அந்த வருஷமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. சூட்டைத் தாங்க முடியவில்லை. ஒரு மூளையை இன்னும் வேகமாக்குவதற்குப் பதில் இரண்டு மூளை, நாலு மூளை என்று வைக்கத் தொடங்கினார்கள். க்ரைஸிஸோ ஒரு மூளையின் தோளில்தான் பெரும் சுமையை ஏற்றியிருந்தது.

நாலு மூளை இருந்தால் நாலு மடங்கு ஓடாதா? ஓடாது என்பதை ஜீன் ஆம்டால் என்ற பேரறிஞர் 1967-லேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில் காய் நறுக்க நூறு பேர் வரலாம். ஆனால் தாலி கட்டும் வேலையை நூறு பேருக்குப் பங்கிட முடியாது. வேலையில் பாதி அப்படிப் பங்கிட முடியாததாக இருந்தால், எத்தனை மூளை சேர்த்தாலும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. எனவே 'என் சில்லு 40 சதவீதம்தான் வேலை செய்கிறது, சில்லில் குறையில்லை' என்று சொல்வது சரியல்ல. நாலில் ஒன்று முழு மூச்சாகத் திணற, மூன்று வேடிக்கை பார்த்தால் கணக்கில் 25 சதவீதம்தான் காட்டும்.

சூட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 2001-இல் ஒரு பத்திரிகையின் சோதனைச் சாலையில் ஒரு காரியம் செய்து படம் பிடித்தார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லின் மேலிருந்த குளிர்விக்கும் உலோகத்தைக் கழற்றிவிட்டார்கள். அத்லான் சில்லு புகைந்து உயிரை விட்டது. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து பிழைத்துக்கொண்டது. இன்றைய சில்லுகள் எல்லாம் அந்தப் புத்திசாலித்தனத்தைக் கற்றவை. சூடேறினால் ஒன்றும் சொல்லாமல் மெதுவாகிவிடும். சொந்தக்காரனோ யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

இன்னொரு விஷயம். சராசரி என்பது ஏமாற்றும். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லி வினாடி. 59 படங்கள் சட்டென்று வந்து, ஒரு படம் மட்டும் கால் வினாடி தாமதித்தால், சராசரி அழகாகத்தான் இருக்கும். கண்ணுக்கு மட்டும் ஆட்டம் இடறும். 2011-இல் ஸ்காட் வாஸன் என்ற பத்திரிகையாளர் ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் தனித்தனியே அளந்து எழுதிய பிறகுதான் இதைப் பலரும் கவனித்தார்கள். இப்படி இடறுவதற்கு ராம் நிரம்பி வழிந்து ஹார்ட் டிஸ்கில் போய் எழுதுவது ஒரு பெரிய காரணம். நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் டிஸ்கில், வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வரவே சராசரி 4 மில்லி வினாடி ஆகும். முள் நகரும் நேரம் தனி. 2023-இல் வந்த 'ஸ்டார்ஃபீல்ட்' என்ற ஆட்டம் சுழலும் டிஸ்க் உதவாது, எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே அறிவித்துவிட்டது.

கடைசியாக ஒரு கதை. என் மனசுக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'ஜி.டி.ஏ. ஆன்லைன்' என்ற புகழ் பெற்ற ஆட்டம் தொடங்குவதற்குப் பல நிமிஷங்கள் பிடித்தன. வருஷக்கணக்கில் எல்லோரும் தங்கள் பழைய யந்திரத்தை நொந்துகொண்டார்கள். 2021-இல் ஒரு புரோகிராமர் வாய்க்கால் கரையோடு நடந்து பார்த்தார். டிஸ்க் சும்மா இருந்தது. கார்டு சும்மா இருந்தது. இன்டர்நெட்டும் சும்மா இருந்தது. ஒரே ஒரு மூளை மட்டும் நாலு நிமிஷம் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. அப்படி என்ன செய்தது? விலைப்பட்டியல் ஒன்றைப் படித்தது! சுமார் 63,000 சாமான்கள் உள்ள பட்டியல். ஒவ்வொரு வார்த்தையைப் படிக்கும்போதும் பட்டியல் இன்னும் எவ்வளவு நீளம் என்று கடைசி வரை எண்ணிப் பார்த்தது. ஒவ்வொரு சாமானையும் முன்னே எழுதிய அத்தனை சாமான்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. சுமார் 198 கோடித் தடவை! அவர் அதைத் திருத்தியதும் ஆறு நிமிஷம் இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கியது. கம்பெனியும் ஒப்புக்கொண்டு திருத்தத்தை வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்தது. அதுவரை எத்தனை பேர் நல்ல யந்திரத்தைத் தூக்கிப் போட்டார்களோ!

இவ்வளவையும் படித்து முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனும் மருமகனும் உட்கார்ந்தோம்.

முதலில் கார்மாக்கின் வித்தை. திரையின் புள்ளிகளை 1920-க்கு 1080-லிருந்து 1280-க்கு 720 ஆக்கினோம். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. ஓட்டம் வினாடிக்கு 22 படம். குறைத்த பிறகும் 22 அல்லது 23. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ கார்டு இல்லையா மாமா?"

"25,000 ரூபாய்க்குப் புதுக் கார்டு வாங்கியிருந்தாலும் இதே 22-தான்" என்றேன். கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அளவுகளைத் திறந்து பார்த்தோம். கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை. 8 கிகாபைட் ராம் விளிம்பு வரையில் நிரம்பி, டிஸ்கின் விளக்கு அணையாமல் எரிந்தது. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் சில்லின் சூடு 95 டிகிரியைத் தாண்டியது. துடிப்பு மளமளவென்று இறங்கியது. இதை முதலில் பார்த்தவன் அவன்தான். "மாமா, இது தானே மெதுவாயிடறது!" என்று கத்தினான்.

பெட்டியைத் திறந்தோம். குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே பத்து வருஷத்துத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. தூரிகையால் சுத்தம் செய்து, காய்ந்து போன பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். மறுநாள் ரிச்சித் தெருவுக்குப் போய்ப் பழைய ராம் ஒன்று வாங்கி வந்து ஜோடியாகச் செருகினோம். சீட்டுப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆட்டம் 40 படத்துக்கு ஏறிற்று. குதிரை நிற்காமல் ஓடிற்று.

இதனால் பழைய யந்திரம் எல்லாம் சாசுவதம் என்று நான் சொல்ல வரவில்லை. டூம் வம்சத்திலேயே 2025 மே மாதம் ஒரு வாரிசு வந்திருக்கிறது. ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் சக்தி இல்லாத கார்டை அது வாசலிலேயே நிறுத்திவிடும். அந்த இடத்தில் தூசி தட்டிப் பிரயோஜனமில்லை. மெதுவாக ஓடுவது ஒன்று. ஓடவே தெரியாமல் இருப்பது இன்னொன்று. இதையும் பையனிடம் சொல்லி வைத்தேன். அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

அன்று இரவு தங்கைக்கு டெலிபோன் செய்தான். "அம்மா, சீட்டை எடுக்காதே. அப்பா வாங்கினது நல்லாத்தான் இருக்கு. தூசிதான்" என்றான்.

அந்தப் பக்கத்தில் சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.